தேய்த்த கணு

கருத்தம்மாக்காவின் அறைக்குள் நிமிர்ந்து நடக்க முடியாது. குறுக்கே ஒரு மூங்கில் இருந்தது. இரண்டு பக்கச் சுவரிலும் ஹாலோபிளாக் கல்லை உடைத்து, முனைகளை உள்ளே செருகிச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். அக்கா குள்ளம். முடிச்சுப் போட அவருக்குக் கை எட்ட வேண்டும். அதனால் மூங்கில் என் புருவ உயரத்தில் இருந்தது.

அதில் மூன்று சேலைத் தொட்டில்கள். வாசல் பக்கம் ராபின். ஓவர்லாக் மெஷின் ஓட்டும் நதியாவின் மகன். பத்து மாதத்துக்கு நல்ல கனம். உள்சுவர்ப் பக்கம் ஒரு ஒடிசாத் தம்பதியின் பெண் குழந்தை. நடுவில் என் மகள் தமிழ்மதி. நடுவில்தான் காற்றாடியின் காற்று நேராக வரும். தாயில்லாத பிள்ளை தூங்கட்டும் என்று அக்காவே அந்த இடத்தைக் கொடுத்தார்.

என் மனைவி ஆஷா டெங்குவில் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நான் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் லேபில் இருக்கிறேன். துணியை வெட்டி, துவைத்து, இழுத்து, கிழித்துப் பார்ப்பது வேலை. கம்பெனிக்குப் பின்னால் முதலாளி பொங்கியண்ணன் கட்டிய லைன் வீடுகள். அதில் கடைசி அறையில் கருத்தம்மாக்கா தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். அவர் வீட்டுக்காரர் ராக்கையா கம்பெனி குடோனில் துணி ரோல்களைத் தூக்கி அடுக்குகிறவர். இருவரும் கமுதிப் பக்கத்துக்காரர்கள். காலையில் மதியைக் கொடுப்பேன். சாப்பாட்டு இடைவேளையில் போய்ப் பார்ப்பேன். ஷிப்ட் முடிந்ததும் வாங்கிக்கொள்வேன். வேறு யாரிடமும் அவள் நிற்க மாட்டாள். வேறு யாரும் எனக்கு இங்கே இல்லை.

ஒரு நாள் மதியம் போனபோது ராக்கையா அண்ணன் உள்ளே இருந்தார். மதியின் தொட்டிலை அவிழ்த்து வைத்துவிட்டு மூங்கிலின் நடுப்பகுதியை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். தரையில் மாவு மாதிரித் தூள். மதி அக்காவின் மடியில் இருந்தாள்.

"சீலைல நூலு இழுத்துருச்சு தம்பி. மெல்லிசு சீலை. இந்தக் கணு லேசாத் தட்டுது. அதான் இன்னொருக்கா ஒரு தேய்ப்பு" என்றார்.

சேலை ஆஷாவுடையது. மெல்லிய பட்டுப்பருத்தி.

இந்த ஊரில் மூங்கிலைப் பார்க்கிற பார்வையே வேறு. அந்தக் காலத்துச் சலவைப் பட்டறைகளில் ஈரப் பனியன் துணியை மூங்கிலில்தான் காயப்போடுவார்களாம். பின்னல் துணி எங்காவது மாட்டி ஒரு இழை இழுத்தால் ஓட்டை. ஓட்டை விழுந்தால் அந்த ரோலே கழிவு. அதனால் புது மூங்கில் வந்ததும் கணுக்களின் மேட்டை உளியால் செதுக்குவார்கள். மேல்தோலைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டுவார்கள். பிறகு உப்புத்தாள். துணியைப் போட்டு இழுத்தால் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வரவேண்டும். அதுதான் நல்ல மூங்கில். இந்த மூங்கில் பொங்கியண்ணனின் அப்பா வைத்திருந்த பட்டறையிலிருந்து வந்தது. ராக்கையா அண்ணன் சின்ன வயதில் அந்தப் பட்டறையில் வேலை செய்து அதைத் தேய்த்தவர். இப்போது என் மகளுக்காக மறுபடி தேய்க்கிறார்.

நானும் தடவிப் பார்த்தேன். கணு எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. நல்லா இருக்குண்ணே என்று சொல்லிவிட்டு லேபுக்கு வந்தேன்.

அன்று ஒரு குழந்தைகள் உடுப்பு ஆர்டருக்கான துணி சோதனைக்கு வந்திருந்தது. தொட்டால் பூனை மாதிரி இருக்க வேண்டும் என்று மேற்பரப்பைத் தேய்த்து மிருதுவாக்கிய துணி. மெஷின் அடியிலிருந்து ஒரு ரப்பர் சவ்வை ஊதும். துணி உப்பும், பிறகு வெடிக்கும். எந்த அழுத்தத்தில் வெடித்தது என்று பார்க்க வேண்டும். தேய்த்த துணி எப்போதும் தேய்க்காத துணிக்கு முன்னால் வெடிக்கும். தினமும் பார்க்கிற விஷயம். அன்று அது வெடித்த சத்தத்தில் என் உள்ளங்கையில் மூங்கிலின் வழவழப்பு திரும்ப வந்தது.

கல்லூரியில் இழைகளைப் பற்றிய பாடத்தில் மூங்கிலின் குறுக்குவெட்டைக் காட்டினார்கள். சுவர் முழுவதும் கரும்புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் நீளவாக்கில் ஓடும் ஒரு நார்க்கட்டு. வெளி ஓரத்தில் புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். உள்ளே போகப்போக விலகிவிடும். இடையில் இருப்பது வெறும் சோறு. மெத்தென்ற, மாவு நிறைந்த சதை. மூங்கில் வளைவதைத் தாங்குவது அந்த வெளி ஓரம். நகத்தின் கனமே உள்ள அந்தத் தோல்தான். கணுவில் உள்ளே ஒரு தடுப்பு இருக்கிறது; குழாய் நசுங்காமல், விரிசல் அடுத்த கணுவுக்கு ஓடாமல் அது பார்த்துக்கொள்கிறது. நார்கள் கணுவில் வெளிப்பக்கம் சற்றுப் பிதுங்கித் திரும்புகின்றன. மேட்டைச் செதுக்கினால் அந்த நார்கள் அறுந்துவிடும்.

அறுத்துவிட்டு, மேலே தோலையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என் மகளைத் தொங்கவிட்டிருந்தோம்.

சாயங்காலம் அக்காவின் அறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த மூங்கில் துண்டை எடுத்துப் பார்த்தேன். அதே மூங்கிலில் அறுத்த மிச்சம். வெட்டு முகத்தை எச்சில் தொட்டுத் துடைத்தேன். ஓரம் வரை கறுப்பாக வந்து நிற்க வேண்டிய புள்ளிகள் அங்கே இல்லை. ராக்கையா அண்ணனிடம் காட்டினேன். எது நார், எது சோறு என்று சொன்னேன். அவர் துண்டை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியே போனால் என்ன, உள்ளே இன்னும் இத்தனை புள்ளி இருக்கிறதே என்றார். முப்பது வருடமாகத் துணி தொங்கிய மூங்கில், துணியைவிடப் பிள்ளை கனமா என்று கேட்டார். கேலியாக இல்லை. உண்மையாகவே கேட்டார்.

துணி ஆடாது. குழந்தை ஆடும். அதைச் சொல்லியிருக்கலாம். அக்கா நடுவில் புகுந்துவிட்டார்.

"தம்பிக்கு நேத்து கேஸு டியூபு. அதுக்கு முந்துன நாளு காத்தாடி. இன்னைக்கு மூங்கி. நாளைக்கு எம்மேல டெஸ்டு வைக்காம இருந்தாச் சரி."

அவர் சொன்னது தவறில்லை. ஆஷா போன பிறகு எல்லாவற்றையும் இரண்டு முறை பார்க்கிறேன். பக்கத்து அறையில் யாராவது இருமினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அன்று தூங்காமல் கிடந்தபோது இதுதான் என்னை வதைத்தது. மூங்கிலைப் பற்றி எனக்குத் தெரிந்தது படிப்பா, பயமா? படிப்பென்றால் நான் சண்டை போட்டாக வேண்டும். பயமென்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே மாதிரித்தான் நெஞ்சில் உட்கார்ந்திருந்தன.

மறுநாள் காலையில் மதியைத் தரையில் பாய் போட்டுத் தூங்க வைக்கச் சொன்னேன். அக்கா சரி என்றார். மதியம் போனபோது அவள் தொட்டிலில் இருந்தாள். தரையில் கண்ணே மூடவில்லை, அழுது அழுது மூக்கு ஒழுகியது, அவளைக் கேட்டு மற்ற இரண்டும் எழுந்துவிட்டன, நான் என்ன செய்ய என்றார் அக்கா. சேலைக்கு வெளியே ஒரு பாதம் தொங்கியது. மேலே மூங்கில் லேசாக வளைந்திருந்தது. முன்பும் அவ்வளவு வளைந்திருந்ததா என்று எனக்கு நினைவில்லை.

நடுவில் ஒரு முட்டுக்கம்பு வைக்கலாமா என்று கேட்டேன். தவழ்கிற பிள்ளைகள் பிடித்து இழுத்துத் தங்கள் மேல் தள்ளிக்கொள்ளும் என்றார். அதுவும் சரிதான்.

பொங்கியண்ணனைப் போய்ப் பார்த்தேன். மரியாதையான மனிதர். எழுந்து நின்று பேசினார். மூங்கிலை எடுத்துவிட்டு ஒரு இரும்புப் பைப் போட்டுக் கொடுங்கள் என்றேன்.

"ஏனுங்க தம்பி, அது எங்கய்யன் காலத்து மூங்கலுங்க. அதுமாரி இப்பத் தேடுனாலும் கெடைக்காதுங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "செரிங்க. போட்டுரலாமுங்க. மேஸ்திரி பொதங்கெழமை வாரானுங்க. அதுவரைக்கும் மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க."

புதன்கிழமைக்கு இன்னும் நாட்கள் இருந்தன.

விஷயம் லைன் வீடு முழுக்கப் பரவிவிட்டது. நதியா என்னிடம் வந்து, ராபினை அதில் போடலாமா வேண்டாமா, ஒன்று சொல்லுங்கள் என்றாள். போடாதே என்றால் அவளும் வேலைக்கு வர முடியாது. எனக்குத் தெரியவில்லை என்றேன். அது அவளை இன்னும் பயமுறுத்தியது. அன்று சாயங்காலம் அதை ராக்கையா அண்ணன் காதில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் என்னைக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார். போனால் அறை வாசலில் கூட்டம். தொட்டில்களை எல்லாம் அவிழ்த்திருந்தார்கள். குடோனிலிருந்து மூன்று துணி ரோல்களைக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றும் ஒருவர் தோளில் தூக்குகிற கனம்.

"தம்பி, நீங்க துணிக்கி டெஸ்டு வைப்பீகள்ல. நான் மூங்கிக்கி வைக்கிறேன். பாத்துக்கிருங்க."

வேண்டாம் என்றேன். அவர் மூன்று ரோல்களையும் கயிற்றில் கட்டி, தொட்டில் இருக்கும் இடங்களிலேயே தொங்கவிட்டார். மூங்கில் நன்றாக வளைந்தது. பிறகு அதைப் பிடித்துக் கால்களை மடக்கித் தானும் தொங்கினார். உள்ளே எங்கோ நெல் பொரிவது மாதிரி ஒரு சத்தம். ஒரே முறை. வேறு யாருக்கும் கேட்கவில்லை, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் இறங்கினார். ரோல்களை அவிழ்த்தார். மூங்கில் மேலே வந்தது. முழுவதும் வரவில்லை. என் புருவத்தில் இருந்தது இப்போது கண்ணுக்கு நேராக நின்றது.

நான் அதைச் சொன்னேன். பிள்ளை பெத்தவ வயிறு மாதிரி, கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் என்றார் ஒரு அம்மா. இன்னொரு சிரிப்பு. அக்கா எனக்குத் தேநீர் கொடுத்தார். கோபமெல்லாம் போய்விட்டது அவருக்கு. இனிமேலாவது நிம்மதியாக இருங்கள் தம்பி என்றார். நதியா ராபினைத் தூக்கி மூங்கிலைத் தொட வைத்தாள். லேபில் பாஸ் ஆன மூங்கில் என்று அன்றிலிருந்து அதற்குப் பெயர்.

லேபில் ஒரு வழக்கம் உண்டு. சோதித்த துண்டைத் தைக்க மாட்டோம். அது எவ்வளவு தாங்கியிருந்தாலும் சரி, நேராகக் கழிவுக் கூடைக்குத்தான். தாங்கியது என்பதன் பொருள் அது ஒருமுறை வலியை வாங்கிக்கொண்டது என்பதே. உள்ளே எத்தனை இழை அறுந்தது என்று வெளியே தெரியாது. அதன் பலத்தை அது சொல்லிவிட்டது. இனி அந்தப் பலம் அதற்கு இல்லை. ஆனால் மூங்கிலைச் சோதித்துவிட்டு, மறுநாள் காலையில் அதே மூங்கிலில் குழந்தைகளைத் தொங்கவிட்டோம்.

திங்கட்கிழமை நான் அதைச் சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கத் தயாராக இல்லை. கண்ணால் பார்த்தாகிவிட்டது அல்லவா. லேபிலிருந்து நைலான் கயிறு கொண்டுபோய் நடுக் கணுவுக்கு இரண்டு பக்கமும் இறுக்கிச் சுற்றினேன். விரிசல் விட்டாலும் ஓடாமல் நிற்கட்டும் என்று. மூங்கிக்கிக் காச்சலா தம்பி, பத்துப் போடுறீக என்றார் அக்கா. ஆனால் முடிச்சுப் போடும்போது கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் மூன்று முறை வெளியே வந்து போனேன். சூப்பர்வைசர் என்ன, வயிறு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இடைவேளை மணி அடித்ததும் கேன்டீன் பக்கம் போகவில்லை.

அறையில் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மூலையில் பால் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். ராபின் தூங்கினான். மதியும் தூங்கினாள். ஒடிசாக் குழந்தை விழித்துக்கொண்டு, சேலையை இரண்டு பக்கமும் பிடித்தபடி எழும்பி எழும்பி உட்கார்ந்தது. அது எழும்பும்போதெல்லாம் மூங்கில் முழுவதும் துள்ளியது. அதன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. இந்த முறை ஒன்றல்ல. வரிசையாக.

மூங்கிலின் அடிப்பக்கம், மதியின் தொட்டில் முடிச்சுக்கும் ராபினுடையதற்கும் நடுவில், ஒரு வெள்ளைக் கோடு திறந்தது. பென்சில் கோடு மாதிரி இருந்தது. பிறகு விரல் நுழையும் அளவு ஆனது. நான் குனிந்து உள்ளே போய் என் தோளை அடியில் கொடுத்தேன். முழங்கால் மடங்கிய நிலையில் நின்றேன். கனம் என்மேல் வந்தது. மதியின் தொட்டில் என் மார்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. அவள் மூச்சு சட்டை வழியே தெரிந்தது.

"அக்கா" என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "பிள்ளைகளை எடுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். என் தோளையும் அதற்கு மேலே வெள்ளையாகத் திறந்திருந்ததையும் பார்த்தார். கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு நேராக மதியின் பக்கம் வந்தார்.

நான் எண்ணிப் பார்த்ததாக நினைவில்லை. கனமானது எது, அது போனால் எவ்வளவு குறையும் என்று உடம்பே கணக்குப் போட்டது.

"மதியை விடுங்க. ராபினை முதல்ல எடுங்க."

அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு போனார். ராபினைத் தூக்கியதும் வாசல் பக்கம் லேசானது. ஆனால் உள்பக்கம் அந்தக் குழந்தை மறுபடி எழும்பியது. ஒவ்வொரு துள்ளலுக்கும் என் காதுக்குப் பக்கத்தில் ஒரு நார் பிரிந்தது. மூங்கில் ஒரேயடியாக ஒடியாது. அதன் நார்கள் ஒன்றொன்றாகத்தான் விடும். கடைசி நார் எது என்று மட்டும் தெரியாது. பிளந்த மூங்கிலின் விளிம்பு கத்தி. அது என் தோளில் இருந்தது, அதற்கு நேர் கீழே மதியின் தலை.

"அடுத்து அதை" என்றேன்.

அக்கா ராபினை வாசலில் வைத்துவிட்டு வந்தார். அவன் எழுந்து அழத் தொடங்கினான். அழுகையில் மதி அசைந்தாள். தூங்கு, தூங்கு என்று மனதுக்குள் சொன்னேன். வாயைத் திறக்கப் பயம். அக்கா எனக்குப் பின்னால் உடம்பை ஒடுக்கிக்கொண்டு உள்சுவருக்குப் போனார். அந்தக் குழந்தை சேலையை விடவில்லை. அவர் அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அதுவரை நான் சுவரில் ஒரு பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்தபடியே மற்ற கையை மதியின் முதுகுக்கு அடியில் கொடுத்தார்.

"நல்லாப் புடிச்சுக்கிட்டீங்களா?"

"புடிச்சுட்டேன் தம்பி."

என் மார்பிலிருந்து மதி போனாள். அந்த இடம் ஈரமாக இருந்தது.

அவர்கள் வெளியே போன பிறகும் நான் அப்படியே நின்றேன். அக்கா வாசலிலிருந்து, விட்டுட்டு வாங்க, கீழே ஒண்ணுமில்லை என்றார். தெரியும். முழங்கால் நிமிரவில்லை.

அழுகை கேட்டு ராக்கையா அண்ணன் ஓடி வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே வந்து தன் தோளை என் தோளுக்குப் பக்கத்தில் கொடுத்தார். கனம் மெல்ல அவர் பக்கம் போனது. இருவருமாகத் தாழ்த்தினோம். மூங்கில் நடுவில் மடங்கி, இன்னும் அறாத உள்நார்களில் தொங்கிக்கொண்டு, தரையைத் தொட்டது. தேய்த்த கணு முழுவதும் பிளந்திருந்தது. உள்ளே வெள்ளைவெளேரென்று இருந்தது.

அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சீலை கிழிஞ்சிரக் கூடாதுன்னுதான் தம்பி தேச்சேன்."

"தெரியும்ணே" என்றேன்.

நதியா ஓடி வந்து ராபினைத் தூக்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அக்கா கேட்க வேண்டியதைக் கேட்டார். மத்தியானம் பிள்ளைகளை எங்கே தூங்க வைப்பது?

அண்ணன் குடோனுக்குப் போய் ஏற்றுமதிக்கு வைத்திருந்த அட்டைப்பெட்டிகளில் மூன்றைக் கொண்டுவந்தார். கட்டிங் கழிவுத் துணியை அள்ளி அடியில் நிரப்பினார். ராபினுக்குக் கால் நீட்ட இடம் போதவில்லை. அவனுக்குப் பெரிய சைஸ் போடுங்கண்ணே என்றாள் நதியா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. போய் மாற்றிக் கொண்டுவந்தார்.

இடைவேளை முடிந்த மணி அடித்தது. நதியா போனாள். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. சூப்பர்வைசர்.

மதியைப் பெட்டிக்குள் படுக்க வைத்தேன். அவள் பெட்டியின் நான்கு சுவர்களையும் பார்த்தாள். அழவில்லை. தூங்கவும் இல்லை. மேலே ஆட ஒன்றும் இல்லாததால் ஒரு காலைத் தூக்கி அட்டையில் தட்டிப் பார்த்தாள். நான் தரையில் உட்கார்ந்து பெட்டிக்குள் கையை விட்டு அவள் வயிற்றில் வைத்தேன்.

போன் நின்றது. மறுபடி அதிர்ந்தது. நான் எழுந்திருக்கவில்லை.